திரை இருட்டான பழைய ஸ்கோப்: ஹை வோல்டேஜ் சப்ளையைச் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

மதுரைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக் லேப்பைக் காலி செய்தால், பழைய இரும்புக் கடைக்கு வரும் சாமான்களில் 20 மெகாஹெர்ட்ஸ் இரட்டை டிரேஸ் ஸ்கோப் (மின் அலையைத் திரையில் கோடாக, அதாவது டிரேஸாக, வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்) இரண்டு மூன்றாவது இருக்கும். பவர் விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. வாங்கி வருகிறவர் அன்றைக்கே பெட்டியைப் பிரித்து நேராக ஹை வோல்டேஜ் டிரான்ஸ்பார்மர் மேல் கை வைக்கிறார். ரிப்பேர் கெடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஹை வோல்டேஜ் வராததற்குக் காரணம் பல நேரம் ஹை வோல்டேஜ் பகுதியில் இருப்பதில்லை. இருந்தாலும் அதை எட்ட ஒரு வரிசை இருக்கிறது.

கீழே உள்ளது திரை டியூப்பின் கத்தோடுக்கு (எலக்ட்ரான் கிளம்பும் முனை) சுமார் மைனஸ் 2000 வோல்ட் கொடுக்கும் டிரான்சிஸ்டர் கால ஸ்கோப்புகளுக்கு. டெக்ட்ரானிக்ஸ் 465 மாதிரி பெரிய செட்டில் கத்தோடு மைனஸ் 2450 வோல்டில் இருக்கும். அதற்கு மேல் மல்டிபிளையர் (டையோடும் கபாசிட்டரும் கொண்டு அழுத்தத்தைப் பல மடங்காக்கும் பகுதி) ஒன்றும் சேர்ந்து, மொத்த முடுக்கம் 18 கிலோவோல்ட் வரை போகும். அதற்குரிய வேறுபாடுகளை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

சால்டர் நன்றாக வரும், சர்க்யூட் டயகிராம் படிக்கத் தெரியும் என்பவர்களுக்கே இந்த வேலை. தனியாக இருக்கும்போது செய்ய வேண்டாம். மெயின் சுவிட்சை அணைக்கத் தெரிந்த ஒருவர் அறையில் இருக்கட்டும்.

1. பெட்டியைத் திறக்கும் முன்

டிரேஸ் இல்லை என்றால் ஹை வோல்டேஜ் இல்லை என்று அர்த்தமல்ல. டிரிகர் (டிரேஸைக் கிளப்பிவிடும் பகுதி) "நார்மல்" நிலையில் இருந்து சிக்னல் இல்லாவிட்டாலும் திரை இருட்டாகத்தான் இருக்கும். ஆட்டோவில் வையுங்கள். பொசிஷன் குமிழ்கள் நடுவில், இன்டென்சிட்டி முக்கால் பங்கு. பீம் ஃபைண்ட் பட்டன் இருந்தால் அழுத்துங்கள். அழுத்தும்போது ஒரு மூலையில் வெளிச்சம் தெரிந்தால் ஹை வோல்டேஜ் உயிரோடு இருக்கிறது. கோளாறு டிஃப்லெக்‌ஷன் ஆம்ப்ளிஃபயரில். இந்த வழிகாட்டி உங்களுக்குத் தேவையில்லை.

டிவி மெக்கானிக்குகள் புறங்கையைத் திரை அருகே கொண்டுபோய் ரோமம் சிலிர்க்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த வித்தை இங்கே பலிக்காது. மல்டிபிளையர் இல்லாத ஸ்கோப்பில் திரைப்பக்கம் கிட்டத்தட்ட சேசிஸ் அழுத்தத்தில் இருக்கும், ஹை வோல்டேஜ் முழுதும் பின்பக்கக் கத்தோடில்தான்.

டிரேஸ் வந்தும் சந்தேகம் இருந்தால் கலிப்ரேட்டரை (ஸ்கோப்பே கொடுக்கும், அளவு தெரிந்த சதுர அலை) பாருங்கள். 4 கட்டம் உயரம் வர வேண்டிய சதுர அலை 4.8 கட்டம் வருகிறது, 2 கட்டம் அகலம் வர வேண்டிய ஒரு சுற்று 2.4 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில், 1.2 மடங்கு பெரிதாகியிருக்கிறது. முடுக்கும் அழுத்தம் குறைந்தால் எலக்ட்ரான் மெதுவாகப் போகும், சுலபமாக வளையும். ஆகவே 2000 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 1670தான் இருக்கிறது. ஒரு திசை மட்டும் மாறியிருந்தால் அது ஆம்ப்ளிஃபயர் கோளாறு. பெட்டியைத் திறக்காமலே கிடைக்கும் அளவு இது, குறித்து வையுங்கள்.

இன்டென்சிட்டியைக் கூட்டும்போது படமும் சேர்ந்து ஊதிப் பெருத்தால், சுமை ஏறும்போது ஹை வோல்டேஜ் இறங்குகிறது. படம் சிறுத்துப் பளிச்சென்று வந்தால் அழுத்தம் கூடியிருக்கிறது. அதை உடனே அணையுங்கள், ஓடவிட்டுப் பார்க்க வேண்டாம்.

2. மேசையில் இருக்க வேண்டியவை

அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல், இல்லாவிட்டால் அதற்கு நெருங்கிய மாடலின் மேனுவலாவது. 10 மெகாஓம் உள்தடை உள்ள மல்டிமீட்டர். கரன்ட் லிமிட் உள்ள 0–30 வோல்ட் பெஞ்ச் சப்ளை. 60 வாட் குண்டு பல்பை மெயினுக்குத் தொடராகப் போட்ட சீரிஸ் போர்டு. ஐசோபுரொபைல் ஆல்கஹால், மென்மையான பிரஷ், பஞ்சு. எலக்ட்ரீஷியனிடம் 500 அல்லது 1000 வோல்ட் மெகர் (அதிக அழுத்தம் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) இருந்தால் ஒரு நாள் இரவல் வாங்குங்கள். கபாசிட்டர் சோதனையில் மற்ற கருவிகள் சொல்லாததை அது சொல்லும்.

ஆல்கஹாலுக்குப் பதில் ஹேண்ட் சானிடைசர் வேண்டாம். அதில் கிளிசரின் இருக்கும். காய்ந்த பிறகும் படலம் நின்று ஈரத்தை இழுக்கும்.

எர்த் முக்கியம். பிளக் பாயின்ட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் பக்கம் வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்டுக்கு மேல் வரக்கூடாது. மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுப் பயன்படுத்திய ஸ்கோப் என்றால் முதலில் பிளக்கை மாற்றுங்கள். ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மெயினை வெட்டும் சுவிட்ச்) இருக்கிறதே என்று தைரியம் கொள்ள வேண்டாம். டிரான்ஸ்பார்மரின் செகண்டரியிலிருந்து உங்கள் வழியாகச் சேசிஸுக்குப் போகும் மின்சாரம் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியவே தெரியாது.

3. அளக்கும் டிவைடர்

சாதாரண மீட்டர் 1000 வோல்ட் வரைதான். பத்துக்கு ஒன்று ஸ்கோப் ப்ரோப்பும் 2000 வோல்ட் தாங்காது. அதனால் ஆயிரத்துக்கு ஒன்றாகப் பிரிக்கும் டிவைடர் ஒன்றை நாமே கட்டிக்கொள்ளலாம். 3000 வோல்ட் வரை இது போதும்.

10 மெகாஓம், அரை வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் பத்தை ஒரே நேர்கோட்டில் தொடராகச் சேருங்கள். மொத்தம் 100 மெகாஓம். 2000 வோல்டில் ஒவ்வொன்றுக்கும் 200 வோல்ட் விழும். அரை வாட் ரெசிஸ்டர் வழக்கமாக 350 வோல்ட் தாங்கும். மடக்கி வைத்தால் முதலும் கடைசியும் பக்கத்தில் வந்து பொறி தாவும், எனவே 30 சென்டிமீட்டர் பிவிசி வயரிங் பைப்புக்குள் நீட்டியே வையுங்கள்.

கீழ்முனையில் 100 கிலோஓமும் 1 கிலோஓமும் தொடராக, அங்கிருந்து சேசிஸுக்கு. மீட்டர் இந்த 101 கிலோஓமுக்குக் குறுக்கே. அந்த 1 கிலோஓம் எதற்கு என்றால், மீட்டரின் 10 மெகாஓம் பக்கவாட்டில் சேர்ந்ததும் 101 கிலோ 99.99 கிலோவாகிவிடும். வெறும் 100 கிலோ போட்டால் ஒரு சதவீதம் குறைத்துக் காட்டும். கையடக்கமான மஞ்சள் 830 வகை மீட்டர்களில் உள்தடை 1 மெகாஓம்தான். அதை வைத்துக்கொண்டு 101 கிலோவோடு அளந்தால் 8 சதவீதம் பிழை வரும். அந்த மீட்டருக்கு 111 கிலோஓம் போடுங்கள்.

கீழ் ரெசிஸ்டருக்குக் குறுக்கே டெஸ்டரில் இருக்கும் மாதிரி வெறும் நியான் பல்பு ஒன்றைச் சேருங்கள். கீழ் ரெசிஸ்டர் விட்டுப்போனால் மீட்டருக்கு மிக அதிக அழுத்தம் வரும். அப்போது நியான் எரிந்து நூறு வோல்டுக்குள் நிறுத்திவிடும்.

கட்டியதும் ஸ்கோப்பின் 140 வோல்ட் மாதிரி தெரிந்த சப்ளை ஒன்றை இதனால் அளந்து பாருங்கள், 0.140 வர வேண்டும். இது கையில் பிடித்துக் குத்தும் ப்ரோப் அல்ல. பவர் இல்லாதபோது கிளிப் மாட்டி, கையை எடுத்த பிறகே சுவிட்ச் போட வேண்டும். மல்டிபிளையரின் 8, 15 கிலோவோல்ட் முனைகளுக்கு இது ஆகாது. அங்கே டிவிக்கான ஈ.எச்.டி. (மிக உயர் அழுத்த) ப்ரோப்தான்.

4. திறப்பதும் சார்ஜ் இறக்குவதும்

பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்து மூடியைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, முன்பக்க சுவிட்ச் வரை 230 வோல்ட் வந்து நிற்கும் வயரிங் பழைய ஸ்கோப்புகளில் உண்டு.

சார்ஜ் இறக்க 220 கிலோஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஐந்தைத் தொடராக்கி, காலியான பேனாக் குழாய்க்குள் வைத்து ஒரு குச்சி செய்துகொள்ளுங்கள். முதலில் சேசிஸில் கிளிப், பிறகுதான் மறுமுனை கத்தோடு முனைக்கு. வரிசை மாறினால் குச்சியின் வால் உங்கள் கையில் 2000 வோல்டோடு தொங்கும். பத்து விநாடி பிடியுங்கள், ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் தொடுங்கள். கபாசிட்டருக்குள் ஊறியிருக்கும் சார்ஜ் மெல்ல மேலே வரும்.

ஸ்குரூடிரைவரால் பட்டென்று ஷார்ட் செய்வது டிவி காலத்துப் பழக்கம். ஒரு கணத்தில் பாயும் அந்த மின்சாரம் பக்கத்து டிரான்சிஸ்டர்களையும் ஐசிகளையும் கூட்டிக்கொண்டு போகும். ஒரு கோளாறோடு திறந்த செட் மூன்று கோளாறோடு மூடப்படும்.

மல்டிபிளையர் உள்ள செட்டில் 470 கிலோஓம் இருபது போட்ட நீளமான குச்சி தேவை. அனோடு வயரைக் கழற்றிய பின் வயர் முனை, டியூப் முனை இரண்டையும் தனித்தனியாக இறக்க வேண்டும்.

ஆசிலேட்டர் இல்லாமல் மெயின் டிரான்ஸ்பார்மரிலேயே ஹை வோல்டேஜ் சுற்று உள்ள மிகப் பழைய செட்களில் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே 0.1, 0.5 மைக்ரோஃபாரட் எண்ணெய்க் கபாசிட்டர்கள் இருக்கும். 30 கிலோஹெர்ட்ஸ் செட்டின் 10 நானோஃபாரடோடு ஒப்பிட்டால் பத்து முதல் ஐம்பது மடங்கு சார்ஜ்.

ஷாக்கைவிட ஷாக்கில் கை உதறுவது ஆபத்து. உதறும் கை டியூப் கழுத்தில் பட்டால் கண்ணாடி போய்விடும். டியூப் போனால் செட்டே போன மாதிரிதான்.

5. கண்ணால், மூக்கால்

விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தேடுவது: கருகிய கோடு, உப்பிய கபாசிட்டர், காலைச் சுற்றி வளையமாக வெடித்த சால்டர், டிரான்ஸ்பார்மர் மேல் உருகிய மெழுகு. செல்லூர்ப் பக்கம் தறி ஓடும் தெருவில் இருந்த செட் என்றால் ஹை வோல்டேஜ் பெட்டி முழுக்கப் பஞ்சு படிந்திருக்கும். கோடையில் அது ஒன்றும் செய்யாது. ஐப்பசி மழை பிடித்ததும் அதே பஞ்சு ஈரம் குடித்துக் கடத்த ஆரம்பிக்கும். "மழைக்காலத்தில் மட்டும் டிரேஸ் ஆடுகிறது" என்று வரும் செட்களில் பாதிக்கு மருந்து பிரஷ்தான்.

பல்லியையும் தேடுங்கள். காற்றுத் துளை வழியாக உள்ளே போய், கத்தோடு முனைக்கும் தகட்டுக்கும் இடையே ஒட்டிக் கருகிக் கிடக்கும். எச்சம் மட்டும் இருந்தாலும் அது உப்பு, தடம் அமைத்துக் கொடுத்துவிடும்.

போர்டு கருகியிருந்தால் துடைத்துப் பயனில்லை. கரி என்பது கடத்தி. அந்த இடத்தை முழுதாகச் சுரண்டி, தேவையானால் துளை போட்டு எடுத்துவிட வேண்டும். துளை இருந்தால் காற்றே இன்சுலேஷன் ஆகிவிடும்.

ஆல்கஹாலில் கழுவிய பின் அரை மணி நேரமாவது ஃபேனுக்குக் கீழே வையுங்கள். ஆவி தேங்கிய பெட்டியில் ஒரு பொறி போதும், தீப்பிடிக்கும்.

6. லோ வோல்டேஜ் முதலில்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பதுதான் புதியவர்கள் அதிகமாகச் செய்யும் தவறு. ஹை வோல்டேஜ் ஆசிலேட்டருக்குச் சாப்பாடு லோ வோல்டேஜ் சப்ளையிலிருந்து வருகிறது. அதைவிட முக்கியம், மைனஸ் 2000 சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ரெஃபரன்ஸும் அங்கிருந்தே வருகிறது. அது 5 சதவீதம் குறைந்தால் ஹை வோல்டேஜும் 5 சதவீதம் குறையும். இதை அறியாமல் ஹை வோல்டேஜ் பிரிசெட்டை (ஸ்குரூடிரைவரால் திருப்பும் உள் குமிழ்) திருகியவர், பிறகு லோ வோல்டேஜைச் சரிசெய்ததும் எல்லாம் மறுபடியும் கலைந்துபோவதைப் பார்ப்பார்.

ஆசிலேட்டரின் ப்யூஸையோ இணைப்பையோ கழற்றிவிட்டு, சீரிஸ் பல்பு வழியாகப் பவர் கொடுங்கள். பல்பு ஒரு மின்னு மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் ரெக்டிஃபயர் அல்லது ஃபில்டர் கபாசிட்டர் ஷார்ட். மங்கியதும் பல்பை நீக்கி நேரடி மெயினில் போட்டு, போர்டில் அச்சடித்திருக்கும் ஒவ்வொரு அழுத்தத்தையும் அளந்து தாளில் எழுதுங்கள். பிறகு மீட்டரை ஏசியில் வைத்து அதே இடங்களில் ரிப்பிள் பாருங்கள். ரெகுலேட்டருக்குப் பின் சில மில்லிவோல்டுக்கு மேல் வந்தால் அந்த வரிசையின் எலக்ட்ரோலிடிக்கை மாற்றுங்கள். அதே மைக்ரோஃபாரட், ஒரு படி கூடுதல் வோல்ட், 105 டிகிரி ரகம்.

மெயின் செலக்டர் 240-இல் இருந்து, உங்கள் ஊர் லைன் மாலையில் 190-க்கு இறங்குகிறது என்றால், ரெகுலேட்டருக்கு மூச்சு வாங்க இடமிருக்காது. செட்டில் கோளாறே இல்லாமல் படம் ஆடும். செலக்டரையும் பாருங்கள்.

7. ஆசிலேட்டர்

லோ வோல்டேஜ் சரி, ஹை வோல்டேஜ் இல்லை. இப்போது ஆசிலேட்டர் ஓடுகிறதா என்று தெரிய வேண்டும். இன்னொரு ஸ்கோப் இருந்தால் பவர் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் மட்டும் பார்க்கலாம். 20 முதல் 60 கிலோஹெர்ட்ஸுக்குள் சைன் போன்ற அலை வரும். செகண்டரிப் பக்கம் ப்ரோப்பைக் கொண்டுபோகவே கூடாது.

இன்னொரு ஸ்கோப் இல்லையா? மீடியம் வேவ் உள்ள சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை, ஸ்டேஷன் எதுவும் வராத இடத்தில் டியூன் செய்து பெட்டி அருகே வையுங்கள். ஆசிலேட்டர் ஓடினால் அதன் மடங்கு அலைகள் விசிலாக, இரைச்சலாகக் கேட்கும். டிக்... டிக்... என்று விட்டு விட்டு வந்தால், கிளம்புகிறது, சுமை தாங்காமல் படுக்கிறது, மறுபடி கிளம்புகிறது. இது உங்களை அடுத்த படிக்கு அனுப்பும். சத்தமே இல்லாவிட்டால் இங்கேயே நில்லுங்கள்.

பவரை எடுத்துவிட்டு டிரான்சிஸ்டரைக் கழற்றிச் சோதியுங்கள். ஷார்ட் என்றால் உடனே புதியதைப் போட்டுச் சுவிட்சைத் தட்டாதீர்கள். இந்த டிரான்சிஸ்டர் தானாகச் சாவது குறைவு, யாரோ கொன்றிருப்பார்கள். டிரான்சிஸ்டர் நன்றாக இருந்தும் ஓடவில்லை என்றால், பேஸுக்கு முதல் தூண்டல் கொடுக்கும் ஸ்டார்ட் ரெசிஸ்டர் ஓப்பனா, ஃபீட்பேக் சுற்றின் கால் சால்டர் விட்டதா, பேஸ் பக்கத்துச் சின்ன எலக்ட்ரோலிடிக் காய்ந்ததா என்று இந்த வரிசையில் பாருங்கள். மூன்றுமே மலிவான சாமான்கள், டிரான்ஸ்பார்மரைச் சந்தேகிப்பது அதற்குப் பிறகு.

8. சுமையை ஒவ்வொன்றாகக் கழற்றுவது

ஆசிலேட்டருக்குப் போகும் சப்ளையை வெட்டி, அந்த இடத்தில் பெஞ்ச் சப்ளையைக் கொடுங்கள். கரன்ட் லிமிட்டை ப்யூஸ் அளவில் பாதியில் வையுங்கள். அழுத்தத்தை வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். உடனே லிமிட்டைத் தொட்டால் செகண்டரியில் எதுவோ ஷார்ட்.

கழற்றும் வரிசை: முதலில் மல்டிபிளையரின் உள்ளீட்டு வயர், பிறகு டியூப்பின் சாக்கெட், பிறகு கிரிட் (வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் முனை) சப்ளையின் டையோடு, கடைசியாகக் கத்தோடு டையோடு. ஒவ்வொரு முறையும் பவரை எடுத்து, சார்ஜ் இறக்கி, ஒன்றை மட்டும் கழற்றி, ஐந்து விநாடி பவர் கொடுத்து, கரன்ட்டைப் பாருங்கள். எதைக் கழற்றியதும் கரன்ட் பட்டென்று விழுகிறதோ அதுதான் குற்றவாளி.

மல்டிபிளையர் முதலில் வருவதற்குக் காரணம், அது உள்ள செட்களில் அடிக்கடி போவது அதுதான். கழற்றியதும் மைனஸ் 2450 திரும்பி வந்து, மங்கலாக, பெரிதாக ஒரு டிரேஸ் தெரிந்தால் தீர்ப்பு ஆகிவிட்டது.

கத்தோடு டையோடு கடைசியில் வருவதற்கும் காரணம் உண்டு. அதைக் கழற்றினால் ஃபீட்பேக் அறுந்துபோகும். அழுத்தம் வரவில்லையே என்று, அதை ரெஃபரன்ஸோடு ஒப்பிடும் எர்ரர் ஆம்ப்ளிஃபயர் ஆசிலேட்டரை முழு வேகத்தில் மிதிக்கும், புது டிரான்சிஸ்டர் ஒரு நிமிடத்தில் போய்விடும். எனவே கத்தோடு டையோடைக் கழற்றிய சோதனையில் மட்டும் பெஞ்ச் சப்ளையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றவே கூடாது.

எல்லாம் கழற்றியும் கரன்ட் குறையவில்லை என்றால் டிரான்ஸ்பார்மருக்குள் சுற்றுகள் ஷார்ட். பிரைமரிக்கு ஒரு துடிப்பு கொடுத்து அலை எத்தனை முறை அதிர்கிறது என்று பார்க்கும் ரிங் சோதனையில் உறுதி செய்யலாம். நல்லது பத்து முறைக்குப் பக்கமாக அதிரும், ஷார்ட் இரண்டு மூன்றில் செத்துவிடும். மோட்டார் காயில் கட்டுகிறவர்களிடம் கொடுத்துச் சுற்றலாமா என்று கேட்பார்கள். அடுக்கு இன்சுலேஷனும் வெற்றிடத்தில் வார்னிஷ் ஊட்டுவதும் இல்லாமல் சுற்றியது நிற்காது. இன்னொரு கெட்ட செட் வாங்கி அதிலிருந்து எடுப்பதே வழி.

9. டையோடு, கபாசிட்டர், ரெசிஸ்டர்

ஹை வோல்டேஜ் டையோடை மீட்டரின் டையோடு நிலையில் சோதித்து, இரண்டு பக்கமும் காட்டவில்லை, ஓப்பன் என்று தூக்கி எறிகிறார்கள். அந்தக் குச்சிக்குள் பல டையோடுகள் தொடராக இருக்கின்றன, திறக்கவே பத்து இருபது வோல்ட் கேட்கும். 30 வோல்ட் சப்ளை, 10 கிலோஓம் தொடர், மில்லிஆம்பியர் மீட்டர். ஒரு பக்கம் ஓடி மறுபக்கம் நின்றால் நல்ல டையோடு.

மாற்றும்போது 1என்4007-ஐக் கோத்துப் போடுவது அடுத்த தவறு. 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்பார்மர் செட்டில் அது ஓடும். 30 கிலோஹெர்ட்ஸில் அது அணைய எடுக்கும் நேரம் அதிகம், சூடேறிச் சாகும். யூஎஃப்4007 போன்ற வேக ரகம் வேண்டும். எத்தனை? அரை அலை ரெக்டிஃபயரில் டையோடுக்கு வரும் எதிர் அழுத்தம் வெளியீட்டைப் போல் இரு மடங்கு, அதாவது 4000. ஆளுக்கு 1000 என்றால் நான்கு போதாது, ஆறு போடுங்கள்.

கபாசிட்டர் மீட்டரில் 10 நானோ என்று சரியாகக் காட்டிவிட்டு 1500 வோல்டில் லீக் ஆகும். மெகர் இங்கேதான் உதவும். ஒரு காலைக் கழற்றி மெகர் கொடுத்தால் முள் ஒரு முறை அசைந்து முடிவிலிக்குத் திரும்ப வேண்டும். நடுவில் நின்றால் லீக். சோதித்ததும் அதன் சார்ஜையும் இறக்குங்கள்.

மைனஸ் 2000 இடத்துக்கு 3 கிலோவோல்ட் டிஸ்க் கபாசிட்டர் குறைந்தபட்சம். டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்து ஸ்பேர் கடைகளில் 3 கிலோவோல்ட் 103 (அதாவது 10 நானோஃபாரட்) கிடைக்காத நாளில், பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடக்கும் அரசு இலவசக் கலர் டிவியின் நெக் போர்டை (டியூப் கழுத்தில் மாட்டும் சின்ன போர்டு) பாருங்கள். 2 கிலோவோல்ட் டிஸ்க் ஒன்றிரண்டு இருக்கும். இரண்டைத் தொடராகப் போடலாம், மதிப்பு பாதியாகும். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே சமமான பெரிய ரெசிஸ்டர் வேண்டும், இல்லாவிட்டால் லீக் குறைந்தது பெரும் பங்கு அழுத்தத்தைத் தன் தலையில் வாங்கிக்கொள்ளும். அந்த ரெசிஸ்டர் ஒவ்வொன்றும் 10 மெகாஓம், அதுவும் 1 மெகாஓம் பத்தின் தொடராக இருக்கட்டும். ஒற்றைச் சின்ன ரெசிஸ்டர் 1000 வோல்ட் தாங்காது.

இனி ரெசிஸ்டர். ஹை வோல்டேஜை ரெஃபரன்ஸோடு ஒப்பிடும் டிவைடரின் மெகாஓம் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மதிப்பு ஏறும். 10 மெகா 11 ஆனால் ஃபீட்பேக்குக்கு வரும் மின்சாரம் குறையும். ரெகுலேட்டர் அதை ஈடுகட்ட ஹை வோல்டேஜை 10 சதவீதம் ஏற்றும். முதல் படியில் சொன்ன சிறுத்துப் பளிச்சிடும் டிரேஸ் இதுதான். முழுதாக ஓப்பன் ஆனால் அழுத்தம் கட்டுப்பாடின்றி ஏறி, டையோடு, கபாசிட்டர், டிரான்ஸ்பார்மர் என்று வரிசையாகக் கொல்லும். எனவே எந்தக் கோளாறோடு வந்த செட்டானாலும் இந்த ரெசிஸ்டர்களை ஒரு காலைக் கழற்றி அளக்காமல் விடாதீர்கள். அளக்கும்போது இரண்டு முனையிலும் விரல் படக்கூடாது. உங்கள் உடம்பே ஒரு மெகாஓம்தான், பத்து மெகா ஒன்றாகத் தெரியும்.

மாற்று: விஆர்37 ரகம் ஒன்றே 3500 வோல்ட் தாங்கும். கிடைக்காவிட்டால் 1 மெகாஓம் மெட்டல் ஃபிலிம் பத்து.

10. கிரிட்டும் ஃபோகஸும்

டியூப்பின் ஹீட்டர் சுற்றும் மைனஸ் 2000-இல்தான் மிதக்கிறது. 6.3 வோல்ட்தானே என்று மீட்டரை வைத்தவர்கள் மீட்டரை இழந்திருக்கிறார்கள். பல செட்களில் அது கிலோஹெர்ட்ஸ் ஏசி என்பதால் மீட்டர் சரியாகக் காட்டவும் காட்டாது. அறையை இருட்டாக்கிக் கழுத்தில் சிவப்பு தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

கிரிட் கத்தோடைவிட இன்னும் சில பத்து வோல்ட் மைனஸில் இருக்கும். அந்தச் சின்ன சப்ளை போனாலோ, அங்கே வரும் ஹை வோல்டேஜ் கபாசிட்டர் லீக் ஆனாலோ, இன்டென்சிட்டி எங்கே இருந்தாலும் திரை முழு வெளிச்சத்தில் எரியும். ஒரே இடத்தில் நின்ற புள்ளி பாஸ்பரைச் சுட்டுவிடும், அந்த வடு போகாது. கிரிட்டுக்கும் கத்தோடுக்கும் இடையே பாதுகாப்புக்கு நியான் பல்பு உள்ள செட்களில் வெளிச்சம் படபடத்தால் அந்த நியானை மாற்றிப் பாருங்கள்.

இன்டென்சிட்டி, ஃபோகஸ் பொட்டென்ஷியோமீட்டர்கள் பல மாடல்களில் ஹை வோல்டேஜிலேயே உட்கார்ந்திருக்கும். அவற்றின் நீளமான பிளாஸ்டிக் ஷாஃப்ட் அழகுக்கு அல்ல. கடையில் கிடைத்த உலோக ஷாஃப்ட் பொட் ஒன்றை மாட்டினால், குமிழின் ஸ்குரூ வழியாக 1500 வோல்ட் விரலுக்கு வரும்.

11. சால்டர்

ஹை வோல்டேஜ் முனையில் கூர்மை கூடாது. கூர்முனையிலிருந்து காற்றில் கசியும், சீறும், ஓசோன் நாறும். வயரை ஒட்ட வெட்டி, சால்டரை மணி போல உருண்டையாக விடுங்கள். ஃப்ளக்ஸை ஆல்கஹாலில் கழுவுங்கள். 2000 வோல்ட் முனைக்கும் அடுத்த தடத்துக்கும் போர்டின் மேல் 8 மில்லிமீட்டராவது விடுங்கள். மூட வேண்டிய இடத்தில் சிலிக்கான் போடுவதானால் நியூட்ரல் ரகம். ஹார்டுவேர் கடையின் சாதாரண சிலிக்கான் காயும்போது வினிகர் வாடை வரும். அந்த அமிலம் செம்பைத் தின்னும்.

12. முதல் பவரும் அளவும்

எல்லாம் பழைய இடத்தில். இன்டென்சிட்டி குறைந்தபட்சம். டிவைடரின் கீழ்முனை சேசிஸில், மேல்முனை கத்தோடில். ஒரு கை பாக்கெட்டில், மறு கை சுவிட்சில்.

ஆசிலேட்டருக்குப் பெஞ்ச் சப்ளையை மூன்றில் ஒன்று, பாதி, முழுது என்று ஏற்றுங்கள். ஹை வோல்டேஜ் கூடவே ஏறி, பெஞ்ச் சப்ளை முழு அளவை எட்டுவதற்குச் சற்று முன் ஓரிடத்தில் நின்றுவிட வேண்டும். அந்த நிற்பதுதான் ரெகுலேஷன். நிற்காமல் 2100, 2200 என்று போனால் உடனே அணைத்து 9-ஆம் படியின் டிவைடருக்குத் திரும்புங்கள்.

நின்றுவிட்டால் செட்டின் சொந்த சப்ளையை மறுபடி இணைத்து இதையே ஒரு முறை பாருங்கள். பிறகு இன்டென்சிட்டியை ஏற்றி இறக்குங்கள். அளவு ஒரு சதவீதத்துக்குள் நிற்க வேண்டும்.

13. செட் செய்யும் வரிசை

லோ வோல்டேஜ், பிறகு ஹை வோல்டேஜ், பிறகு கிரிட் பயஸ், பிறகு ஃபோகஸும் அஸ்டிக்மாடிசமும், பிறகு டிரேஸ் ரொட்டேஷன், கடைசியாக வெர்டிகல் கெயினும் டைம்பேஸும். ஹை வோல்டேஜை 2 சதவீதம் அசைத்தால் கெயினும் டைம்பேஸும் 2 சதவீதம் அசையும், அதனால்தான் அவை கடைசி. டைம்பேஸுக்குக் கையில் ஜெனரேட்டர் இல்லாவிட்டால், ஒரு 6 வோல்ட் டிரான்ஸ்பார்மரின் செகண்டரியைக் கொடுங்கள். 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்று 20 மில்லிவிநாடி. 5 மில்லிவிநாடி நிலையில் சரியாக 4 கட்டம் வர வேண்டும்.

பிரிசெட்டுகளை பிளாஸ்டிக் ஸ்குரூடிரைவரால் திருப்புங்கள். திருப்பும் முன் பழைய இடத்தை மார்க்கரால் குறியுங்கள்.

14. மூடியோடு இரண்டு மணி நேரம்

திறந்து வைத்து நன்றாக ஓடிய செட், மூடி போட்டு நாற்பது நிமிடத்தில் சுருண்டுகொள்ளும். கபாசிட்டர் லீக்கும் மல்டிபிளையர் லீக்கும் சூட்டோடு கூடும். சித்திரை வெயிலில் மேல்மாடி அறையில் சோதித்தால் இன்னும் நல்லது, ஃபேனை நிறுத்திவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் அலையைத் திரையில் விட்டு, தொடக்கத்தில் உயரத்தையும் அகலத்தையும் எழுதி, அரை மணிக்கொரு முறை ஒப்பிடுங்கள். இரண்டும் சேர்ந்து பெருத்தால் ஹை வோல்டேஜ் இறங்குகிறது. மூடியைக் கழற்றி, பவர் இல்லாத நிலையில் ஹேர் டிரையரால் ஒவ்வொரு கபாசிட்டராகச் சூடாக்கி உடனே மெகர் கொடுங்கள், எது என்று தெரிந்துவிடும்.